ரிஜிஸ்டரில் தங்கச்சி

பழனியாத்தாளுக்குப் பொற்கொடியின் மேல் வயிறெரிய ஆரம்பித்தது தொண்ணூற்று நாலாம் வருசத்து ஆவணியில். அதற்கு முன்னே பதினைந்து வருசம் இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, கோயமுத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் கட்டிடத்தை ஆளுக்குப் பாதியாகக் கூட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்ததும் ஒரே நாள். பொற்கொடி இவளை விட ரெண்டு வயசு இளையவள், அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த ஆவணியில் ஆய்வகத்து அட்டெண்டர் ஓய்வு பெற்றார். கூட்டுகிறவர்களில் யார் மூப்போ அவருக்கு அந்த இடம். வெள்ளைக் கோட்டு, ஃபேன் காற்று, உட்கார ஒரு ஸ்டூல். குனிந்த முதுகு நிமிர்வதென்றால் சும்மாவா? தனக்குத்தான் என்று பழனியாத்தாள் வீட்டில் சொல்லியே விட்டாள். மில் மூடி வீட்டோடு இருந்த அவள் புருசன் சுப்பையன் பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மூப்புப் பட்டியல் ஒட்டிய அன்று, எழுத்து தெரிந்த பொற்கொடிதான் படித்துச் சொன்னாள். முதல் பேர் பொற்கொடி. ரெண்டாவது பழனியாத்தாள்.

பழனியாத்தாள் நேரே ஆபீஸ் சூப்பரண்டு வெங்கடபதியிடம் போய் நின்றாள். அவர் ரிஜிஸ்டரை விரித்தார். ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயசில் பெரியவருக்கே முதல் இடம், அதுதான் சட்டம் என்றார்.

"நாந்தானுங்க பெரியவ. அவளே என்னை அக்காங்கறாளே."

"ஊரே உன்னை அக்காங்குது அம்மணி. ரிஜிஸ்டர்ல நீ தங்கச்சி."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சேர்ந்த அன்று வரிசையில் நின்றபோது, முப்பது வயசென்றால் எடுக்க மாட்டார்கள், குறைத்துச் சொன்னால் கூடுதலாக நாலஞ்சு வருசம் வேலையும் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். முப்பது வயசுக்காரி இருபத்தைந்து என்று சொல்லிவிட்டாள். பின்னால் நின்ற பொற்கொடி, பொய் சொல்லத் தெரியாத கழுதை, இருபத்தெட்டை இருபத்தெட்டு என்றே சொன்னாள்.

திருத்தித் தரச் சொல்லிக் கெஞ்சினாள். வெங்கடபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கேட்கிற காலம் எப்போதோ தாண்டிவிட்டது, மேலிடத்தில் மனசு வைத்துத் திருத்தினாலும் அஞ்சு வருசம் முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சம்மதமா என்று கேட்டார். அவள் படியிறங்கினாள்.

அதற்கப்புறம் கட்டிடம் முழுக்கக் கூட்டுவாள், பொற்கொடியின் ஸ்டூலைச் சுற்றி மட்டும் ஒரு முழம் விட்டுவிடுவாள். பொற்கொடி கையில் கண்ணாடிக் குடுவை ஒன்று உடைந்தால் போதும், ஓடிப்போய் வாரி, அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே போய்க் கொட்டுவாள். பொற்கொடியோ தினமும் பத்தரை மணிக்கு டீ கொண்டுவந்து, "அக்கா, ஆறிப்போயிருமுங்க" என்பாள். அந்த 'அக்கா' காதில் விழும்போதெல்லாம் மிளகாய் கடித்தது போலிருக்கும்.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனைமலைக்குப் பஸ் ஏறினாள். அநியாயம் செய்தவர் பேரைச் சொல்லி மாசாணியம்மன் கோயில் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசினால் அம்மன் கேட்பாள். மிளகாயை வைத்து அம்மியில் கையும் வைத்தாள். பேர் சொல்ல வாய் வரவில்லை. உண்மை சொன்னவள் பேரைச் சொன்னால் அம்மன் சிரிப்பாள். பொய் சொன்னவள் என்று பொதுவாகச் சொன்னால் எரிச்சல் யாருக்கு வரும்? மிளகாயைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஆனாலும் வயிற்றெரிச்சல் போனபாடில்லை.

ரெண்டு வருசம் இப்படியே போயிற்று. பிறகு ஆய்வக உதவியாளர் இடம் ஒன்று காலியாயிற்று. அட்டெண்டராக இருப்பவருக்கு அது கிடைக்கும், ஆனால் எட்டாவது தேறியிருக்க வேண்டும். பொற்கொடி படித்தது அஞ்சாவது. தனித்தேர்வு எழுதலாம் என்றார்கள். அவள் மேலே போனால் அந்த ஸ்டூல் யாருக்கு என்று வெங்கடபதியிடம் கேட்டாள் பழனியாத்தாள். உனக்குத்தான், அவள் போகாவிட்டால் இன்னும் பதினைந்து வருசம் காத்திரு என்றார் அவர்.

பொற்கொடி பரீட்சை எழுத மாட்டேன் என்றுவிட்டாள்.

"இந்த வயசுல எனக்கெதுக்குங்கக்கா கணக்கெல்லாம்? இதே போதுமுங்க."

"உனக்குப் போதும் புள்ள. நான் உன்ற காலடியிலயே கூட்டிக் கூட்டிச் சாகறதா? நீ ஏறுனாத்தான் எனக்கு வழி. ஏறித் தொலை."

யாருக்குக் கிடைத்துவிட்டதென்று ரெண்டு வருசம் எரிந்தாளோ, அவளை மேலே தள்ளத் தானே தோள் கொடுக்கும்படி ஆயிற்று. மத்தியானம் ஒரு மணி நேரம் பொற்கொடி ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். அவள் கழுவ வேண்டிய குடுவைகளைப் பழனியாத்தாள் நின்றபடி கழுவுவாள். தலை நிமிர்ந்தால் திட்டு விழும். "அங்கென்ன பராக்கு? படி."

பரீட்சையன்று பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றாள். இவள் தேறினால் இன்னும் உயரத்துக்குப் போய்விடுவாள், தேறாவிட்டால் நாம் இங்கேயே கிடப்போம். எதை வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். வெளியே வந்த பொற்கொடி முகமெல்லாம் சிரிப்பாக, "கணக்கு அத்தனையும் போட்டுட்டேனுங்கக்கா" என்றாள். சந்தோசமும் எரிச்சலும் ஒன்றாகவே வந்தன. "சரி, பஸ்ஸுக்கு நட" என்றாள்.

பொற்கொடி தேறினாள். ஆடி முடிவதற்குள் ரெண்டு பேருக்கும் ஆர்டர் வந்தது. வெள்ளைக் கோட்டு தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பழனியாத்தாள் அதைப் பிடித்துத் தைக்கவில்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம், நான் குடுவை கழுவினதால்தான் அவள் பாஸானாள் என்று சொன்னாள். பொற்கொடி ஒரு நாளும் அதை மறுத்ததில்லை. ஆமாங்க, அக்காதானுங்க காரணம் என்பாள். அப்படி அவள் சொல்லுவதுதான் பழனியாத்தாளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.