இன்றைய சர்க்கரை விலை

தெருவில் அவருக்குப் பெயர் டெலிபோன் அக்கா. வீட்டுத் தொலைபேசிகள் எல்லாம் பரணுக்குப் போன பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. வேலை பார்த்த காலம் முழுக்கத் தொலைபேசி நிலையத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டவருக்குக் கேட்ட எண்ணை இணைத்துக் கொடுத்தவர். ராங் நம்பர் கொடுத்தார் என்று ஒரு புகார் கூட அவர் மேல் வந்ததில்லை. இதை அவரே சொல்லுவார். கேட்காதவர்களிடம் இன்னும் விரிவாகச் சொல்லுவார்.

ஓய்வு பெற்ற பிறகு சில மாதம் வாய் வெறுமனே இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அது அவரை அரித்தது. ஒரு நாள் துவரம்பருப்பு ஒரு கடையில் ஒரு விலை, இன்னொரு கடையில் இன்னொரு விலை என்பதைக் கண்டுபிடித்து, குடியிருப்பின் செல்போன் குழுவில் குரலாகவே பேசி அனுப்பினார். பழைய குரல், ஒவ்வொரு எண்ணும் மணி அடித்த மாதிரி. மறுநாள் மூன்றாவது மாடி டீச்சர், “அக்கா, எண்ணெய் எங்க மலிவு?” என்று கேட்டார். அவ்வளவுதான், அக்காவுக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது.

கடைகள் இரண்டு. குடியிருப்பின் காலடியிலேயே சின்னக் கடை. கடைக்காரர் ஒற்றை ஆள், கல்லாவை விட்டு நகர முடியாது. உள்ளே ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் விலை எழுதிப் போடுவார். தெருக்கோடியில் பெரிய கடை. அங்கே ஏசி, தள்ளுவண்டி, ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் அச்சடித்த விலைச்சீட்டு, எப்போதும் கவலையோடு நடக்கும் ஒரு மேனேஜர். அக்கா சாயங்காலம் இரண்டையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார், காலையில் குரல் போகும். குழுவில் சின்னக் கடைக்காரரும் இருந்தார், மேனேஜரின் மனைவியும் இருந்தார். இதில் என்ன இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

போன மாதம் அக்காவின் முட்டி வீங்கி, படி இறங்க முடியாமல் போனது. லிஃப்ட் இருக்கிறதே என்றால், அதுவும் அந்த வாரம் பார்த்துப் படுத்துவிட்டது. அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அடுத்தவர் கட்டிடத்து லிஃப்டெல்லாம் ஓட்டியவருக்குச் சொந்தக் கட்டிடத்து லிஃப்ட் மசியவில்லை. அதனால் அவர் ஏற்கெனவே ரோஷத்தில் இருந்தார். அந்த நேரம் பார்த்து, கடைக்குப் போய் விலை பார்த்துவிட்டு வரும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

அவர் பார்த்துவிட்டு வந்தார். அக்கா குழுவில் சொன்னார். “பெரிய கடையில சர்க்கரை நாற்பது. சின்னக் கடையில நாற்பத்தெட்டு.”

அடுத்த நாள் சின்னக் கடையிலும் நாற்பது. அதற்கும் அடுத்த நாள் இரண்டு இடத்திலும் நாற்பது. சர்க்கரை ஏறுகிறது என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு, இந்தத் தெருவில் மட்டும் இறங்கி உட்கார்ந்திருந்தது. குடியிருப்பே கீழே இறங்கி அள்ளியது. டீச்சர் ஒரு டின் நிறைய வாங்கினார். அக்காவும் ஆள் விட்டுப் பத்து கிலோ வாங்கி, அரிசி டிரம்மைக் காலி செய்து அதில் கொட்டி வைத்தார். வீட்டில் சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது வாங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

முட்டி தேவலை ஆனதும் அக்கா நேராகச் சின்னக் கடைக்குப் போனார். கடைக்காரர் முகத்தில் சுரத்தே இல்லை.

“என்ன தம்பி, சர்க்கரைய இப்படி வாரி விடுறீங்க?”

“நான் எங்கக்கா விடுறேன்? ஒவ்வொரு கிலோவுக்கும் கைக்காசு போகுது. பெரிய கடைக்காரன் இறக்கிட்டான், நான் என்ன பண்றது? இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா கடைய மூடிட்டு அங்கயே மூட்டை தூக்கப் போகணும்.”

அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டே தெருக்கோடி வரை நடந்தார். மேனேஜரைப் பிடித்து நிறுத்தி, பாவப்பட்ட ஒரு மனிதனின் பிழைப்பில் இப்படி மண்ணைப் போடலாமா என்று கேட்டார். மேனேஜர் விழித்தார். தாங்கள் முதலில் இறக்கவே இல்லை என்றும், சின்னக் கடையில் இறக்கியதால்தான் முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு தாங்களும் இறக்கியதாகவும் சொன்னார். பில் போடும் பெண்ணும் தலையாட்டினாள்.

அக்கா நடுத்தெருவில் நின்றார். அவன் இறக்கியதால் இவன், இவன் இறக்கியதால் அவன். அப்படியானால் முதலில் இறக்கியது யார்? இரண்டு பக்கமும் ‘அவர்தான் முதலில் கூப்பிட்டார்’ என்று சொல்லும் அழைப்பை அவர் தன் வேலைக்காலத்தில் பார்த்ததே இல்லை. கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அது வீட்டுக்காரர் மேல் போய் இறங்கியது.

“நீங்க அன்னிக்கு எங்க பார்த்தீங்க? வந்து காட்டுங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பெரிய கடையில், சர்க்கரைப் பொட்டலங்கள் அடுக்கிய தட்டின் முன்னால் போய் நின்று, கையை உயர்த்திக் காட்டினார். அவர் விரல் தொட்டது மேல்தட்டின் விளிம்பை. அதில் ஒட்டியிருந்த சீட்டு மேல்தட்டில் இருக்கும் கோதுமை மாவுக்கானது. மாவு நாற்பது. சர்க்கரையின் சீட்டு சர்க்கரைக்குக் கீழே இருந்தது.

“சீட்டு கீழ இருக்குங்க,” என்றார் அக்கா.

“கீழ எதுக்கு இருக்கணும்? நம்பர் எப்பவும் மேலதானே இருக்கும்.”

லிஃப்ட் கதவுக்கு மேலே எரியும் எண்ணைப் பார்த்தே காலத்தை ஓட்டிய மனிதர். அவரைத் திட்டவும் அக்காவுக்கு வாய் வரவில்லை. மாவின் விலையைச் சர்க்கரை விலை என்று ஊருக்குச் சொன்னது அவர் இல்லை. சொன்னது தன் குரல். அதைக் கேட்டுச் சின்னக் கடைக்காரர் இறக்கியிருக்கிறார், அவர் இறக்கியதையும் தானே குரலில் சொல்ல, மேனேஜர் இறக்கியிருக்கிறார். தப்பாகச் சொன்ன விலை இரண்டே நாளில் சரியான விலையாகிவிட்டது. இப்போது யார் போய்ப் பார்த்தாலும் அக்கா சொன்னது சரிதான். அதுதான் அவருக்குத் தலை சுற்றியது. தப்பு எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டக்கூட ஒன்றும் மிச்சமில்லை. பேசாமல் இருந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. பேர் நிற்கும், கடைதான் நிற்காது.

நேரே போய்ச் சின்னக் கடைக்காரரிடம் சொன்னார். அவர் நம்பவில்லை.

“நீங்களாவது தப்பா சொல்றதாவது. விடுங்கக்கா, எனக்காகப் பழியை நீங்க ஏத்துக்கப் பாக்குறீங்க.”

உண்மையைச் சொல்லியும் நம்பாத மனிதரை என்ன செய்வது? விலையை ஏற்றிவிடுங்கள் என்றார். தான் மட்டும் ஏற்றினால் எல்லோரும் பெரிய கடைக்குப் போய்விடுவார்கள், அந்தக் கடைக்காரர்களும் இதையேதான் நினைப்பார்கள் என்றார் கடைக்காரர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை அக்கா செல்போனை வாய்க்கு அருகில் வைத்து, இரண்டு முறை தொண்டையைச் செருமினார். “நான் சொன்ன சர்க்கரை விலை தப்பு. அது மாவு விலை. பார்த்துச் சொல்லாதது என் தப்பு. சரியான விலையை நேர்ல பார்த்துட்டுச் சொல்றேன்.” அனுப்பியதும் அவமானத்தில் காது சூடானது.

பையை எடுத்துக்கொண்டு முதலில் பெரிய கடைக்குப் போனார். சர்க்கரைத் தட்டின் கீழே சீட்டைக் கிழித்த பசைத்தடம்தான் இருந்தது. பில் போடும் பெண்ணைக் கேட்டார்.

“மேனேஜர் எடுக்கச் சொல்லிட்டாருக்கா. நீங்க விலை சொன்னப்புறம் ஒட்டிக்கலாமாம்.”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிச் சின்னக் கடைக்கு வந்தார். கரும்பலகையில் ‘சர்க்கரை’ என்ற சொல்லுக்கு எதிரே ஈரத்துணியால் துடைத்த இடம் இன்னும் காயவில்லை. கடைக்காரர் சாக்பீஸும் கையுமாக, செல்போனைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தார்.

விலை பார்க்க வந்தவருக்குப் பார்க்க விலை எங்கேயும் இல்லை. இவ்வளவு நாளும் இருப்பதைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது யாரைக் கேட்பது? எல்லோரும் அவரையல்லவா கேட்கிறார்கள்? பையைக் கல்லாவின் மேல் வைத்தார். பிறகு, இத்தனை வருடத்தில் எந்தக் கடையிலும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

“தம்பி, எவ்வளவு வித்தா உங்களுக்குக் கட்டுபடியாகும்?”

கடைக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். எதற்காகக் கேட்கிறார் என்று அவருக்கும் புரியவில்லை. “நாற்பத்தேழு வந்தாலே போதும்கா,” என்றார், யாரிடமோ தயவு கேட்பது போல.

அக்கா செல்போனை எடுத்தார். “இன்னிக்கு சர்க்கரை நாற்பத்தெட்டு. ரெண்டு கடையிலயும்.” எண் ஒவ்வொன்றும் மணி அடித்த மாதிரி. சொன்னது நிஜமா பொய்யா என்று அவருக்கே தெரியவில்லை. அவர் பேசி முடிப்பதற்குள் சாக்பீஸ் பலகையில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் டிரம் நிறையச் சர்க்கரை இருந்தது. அக்கா பையை விரித்துப் பிடித்து, இன்னும் ஒரு கிலோ போடச் சொன்னார்.