மாமனார் அம்பயராக நின்ற ஆட்டம்

எனக்குக் கல்யாணமான வருஷம் எங்கள் அணி லீக்கில் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்து நின்றது. அதற்கு என் மாமியாரின் சமையல்தான் காரணம் என்று எங்கள் கேப்டன் இன்றைக்கும் தன் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

எங்கள் ஊர் கொட்டாரத்துக்குப் பக்கம். மாவட்டத்து ஊர்கள் சில சேர்ந்து நடத்தும் டென்னிஸ் பந்து லீக் அது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் ஆட்டம் தொடங்கும். மனைவியின் ஊர் அஞ்சுகிராமம் போகிற வழியில் இருக்கிறது. அந்த ஊருக்கும் ஒரு அணி உண்டு. அதன் வேகப்பந்து வீச்சாளன் என் மனைவியின் தம்பி. பெண் பார்க்கப் போன அன்று காப்பி கொண்டுவந்து வைத்தவனை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். முந்தின வருஷம் என் முழங்காலில் பந்தால் அடித்து என்னை நொண்டவைத்தவன் அவன்தான் என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் இரண்டு பக்கமும் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்ததும் லீக் தொடங்கியது. கூடவே விருந்தும் தொடங்கியது. ஞாயிறு தவறாமல் யாராவது ஒரு பெரியப்பா, யாராவது ஒரு சித்தி எங்களைக் கூப்பிட்டு இலை போட்டார்கள். போதும் என்று கையை நீட்டித் தடுத்தால், அந்தக் கையிலேயே ஒரு மீன் துண்டை வைத்தார்கள். முதல் சில ஆட்டங்களுக்கு நான் போகவே இல்லை. பிறகு ஒரு நாள் போனபோது ஆட்டத்துக்கான பேன்ட்டின் பட்டன் போட மறுத்தது. கேப்டன் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான்.

“லேய், நீ கல்யாணம் கெட்டினியா, இல்ல பந்தியில கெடந்து உறங்குனியா?”

அப்படியும் இப்படியுமாக, மாமியார் ஊரோடு மோதும் நாள் வந்தது. இதையும் அடுத்ததையும் ஜெயித்தால் கணக்குப்படி அரையிறுதிக்கு இன்னும் வழி உண்டு என்கிற நிலைமை. ஆட்டம் அவர்கள் ஊரில், அறுவடை முடிந்த வயலில். விஷயம் தெரிந்த மாமியார் முந்தின நாளே போன் செய்துவிட்டார்.

“மருமொவன் மட்டும் சாப்பிட, மத்த பிள்ளைகள் வெயில்ல பாத்துட்டு நிக்கவா? எல்லாரயும் கூட்டிட்டு வாங்கோ.”

கேப்டன் துள்ளினான். “எதிராளி ஊருல பச்சத் தண்ணி குடிக்கப்பிடாது மக்கா. இது சதி.”

மறுநாள் மாமியார் வீட்டு வாசலில் பைக்குகளை நிறுத்தியபோது நெய்மீன் குழம்பின் வாசனை தெருவரைக்கும் வந்தது. கேப்டன் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினான். “மரியாதைக்கு ஒரு பிடி. அதுக்குமேல ஒருத்தனும் திங்கப்பிடாது” என்று உத்தரவு போட்டுவிட்டு முதல் ஆளாக இலை முன்னால் உட்கார்ந்தான். கோழி வறுவல், அவியல், குழம்பு, அதன் பிறகு சக்கப் பிரதமன் என்கிற பலாப்பழப் பாயசம். மூன்றாவது முறை பிரதமனை வாங்கி, அதில் மட்டிப்பழத்தைப் பிசைந்துகொண்டே, “மாமி, இன்னும் கொஞ்சம் வெளம்புங்கோ” என்றவனும் அவன்தான். எங்களோடு உட்கார்ந்த மச்சினன் மட்டும் கொஞ்சம் மோர்ச்சோறு தின்றுவிட்டு எழுந்தான். வயிறு சரியில்லையாம். அதைக் கவனிக்கிற நிலையில் நாங்கள் யாரும் இல்லை.

வயலுக்குப் போனால் லீக் கமிட்டி அனுப்ப வேண்டிய அம்பயருக்குக் காய்ச்சல். வேறு ஆளுக்கு எங்கே போவது? அந்த ஊர்க்காரர்கள் என் மாமனாரைக் கைகாட்டினார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சொந்த மகனையே அரை மார்க்கில் ஃபெயில் ஆக்கியவர். அவர் நேர்மையைப் பற்றி எங்களுக்கும் சந்தேகம் இல்லை. கேப்டன் ஏப்பத்தோடு சம்மதித்தான்.

நாங்கள் முதலில் ஃபீல்டிங். பந்து எங்கள் பக்கத்தில் உருண்டு போகும்போது அதைப் பார்த்து வழியனுப்பினோம். குனிந்தால் பிரதமன் தொண்டைக்கு வந்தது. தென்னந்தோப்புப் பக்கம் நிறுத்தியிருந்த எங்கள் ஆள் ஒருவனைக் கொஞ்ச நேரமாகக் காணோமே என்று போய்ப் பார்த்தால், ஓலையை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வயலை ஒட்டி ஓடும் பாசனச் சானலுக்குள் அவர்கள் அடித்த பந்துகளை எடுக்க எங்களில் யாரும் இறங்காமல், பாவம், அவர்கள் ஆட்களே இறங்கி எடுத்துக் கொடுத்தார்கள்.

பிறகு நான் மட்டையோடு இறங்கினேன். பந்து வீச வந்தவன் மச்சினன். சானல் கரையில் மாமியாரும் மனைவியும் ஒரே குடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பந்திலேயே என் நடு ஸ்டம்ப் பறந்து வரப்பில் போய் விழுந்தது. நான் நடக்கத் தொடங்கினேன்.

“நோ பால்” என்றார் மாமனார்.

மச்சினன் வாயைப் பிளந்தான். “அப்பா, என் காலு கோட்டுக்கு உள்ளதான இருந்து?”

“கிரவுண்டுல அப்பா கிடையாது. அம்பயர்னு கூப்பிடு.”

அடுத்த ஓவரில் என் மட்டையில் உரசிய பந்து கீப்பர் கைக்குப் போனது. சத்தம் ரோட்டில் நின்ற பஸ்காரனுக்கும் கேட்டிருக்கும். மாமனார் இல்லை என்று தலையை ஆட்டினார். “அது தென்னையில ஓலை விழுந்த சத்தம்.” மாப்பிள்ளையை மாமியார் முன்னால் வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. எனக்கோ அவுட் ஆகிப் போய் எங்காவது சாய்ந்தால் போதும் என்றிருந்தது. கரையிலிருந்து என் மனைவி கத்தினாள்.

“அப்பா, அது அவுட்டுதான்! இவங்க எப்பவும் அப்படித்தான், தட்டிட்டுத் தட்டலம்பாங்க!”

கல்யாணமாகி ஒரு சீசன்கூட முடியவில்லை.

இரண்டாவது ரன்னுக்கு ஓடும்போதுதான் முடிவு வந்தது. பாதி வழியில் நெல்லுத்தாள் தடுக்கிக் குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால், நான் போய்ச் சேர வேண்டிய ஸ்டம்ப் பக்கத்தில் மச்சினன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

“அத்தான், மெதுவா வாருங்கோ. அடி கிடி பட்டுட்டா?”

“பேசிட்டு நிக்கிய? அடிலே ஸ்டம்ப!” இதுவும் என் மனைவிதான்.

அவன் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு பந்தால் ஸ்டம்பை மெல்லத் தொட்டுச் சாய்த்தான். மாமனார் வானத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் லெக் அம்பயராக நின்றவன் எங்கள் கேப்டன். பேட்டிங் அணி ஆள்தான் அங்கே நிற்பது வழக்கம். அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினான்.

“அவுட்டு! அவுட்டு! வெளிய வாலே!”

நாங்கள் தோற்றோம். எவ்வளவு ரன்னில் என்று கேட்கக்கூடாது. திரும்பும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம், “நீ யாருக்க ஆளு?” என்று கேட்டேன். “ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றாள்.

சீசனின் கடைசி ஆட்டம் திருவட்டாறு பக்கம். மழை வந்து கெடுத்துவிட்டது. இரண்டு அணியும் ஒரே டீக்கடையில் ஒதுங்கினோம். கேப்டன் எங்கள் தோல்வியின் கதையை அந்த அணிக்கு விவரித்தான். சொல்லச் சொல்ல இலையில் வராத இறாலும் நண்டும் எல்லாம் வந்து சேர்ந்தன. வாயில் வடையோடு கேட்டுக்கொண்டிருந்த அவர்கள் கேப்டன், கல்யாணமாகாத ஆள், என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தான்.

“அண்ணே, ஒங்க மாமியாருக்கு வேற பொம்பளப் பிள்ள உண்டா?”

“இல்ல. பந்து வீசுற பையன் ஒருத்தன் மட்டும்தான்.”

“சே” என்றவன் இன்னொரு வடை எடுத்துக்கொண்டான்.