பவுனு அழுத காலை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, ஒரு கைக்குழந்தை அழ வேண்டும் என்று நான் இரண்டு மாதம் முழங்காலில் நின்றிருக்கிறேன். சிரிக்காதீர்கள். ஆராதனை நேரத்தில் பிள்ளை அழுதால் திரும்பிப் பார்த்து முறைக்கிறவர்களில் ஒருத்தியாகத்தான் நானும் இருந்தேன். உங்களை எல்லாம் விடக் கொஞ்சம் அதிகமாகவே முறைப்பேன்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே, ஒரு வாய்க்கால் கரையில் எங்கள் ஊர். சபை நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு நான் பொறுப்பு. வயல் வேலைக்குப் போகும் பெண்கள் விடிந்ததும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள், பொழுது சாயும்போது தூக்கிக்கொண்டு போவார்கள். நீளமான ஓட்டுக் கூடம், மூங்கிலில் வரிசையாகத் தூளிகள், பின்பக்கம் பால் பவுடர் மூட்டைகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. சமையலுக்கும் ஒத்தாசைக்கும் ஞானம்மாள் இருந்தாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் 'உஸ்' என்று ஒரு சத்தம் கொடுத்தால் ஒன்பது பிள்ளைகளில் எட்டும் அடங்கிவிடும். பார்வையிட வருகிற அம்மாமார்கள், "எவ்வளவு அமைதியாக வைத்திருக்கிறீர்கள்!" என்று மெச்சுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அந்த 'உஸ்'ஸுக்கு அடங்காதவள் ஒருத்தி இருந்தாள். பவுனு என்று பெயர், எட்டு மாதக் குழந்தை. அம்மா அஞ்சலை வாசல் தாண்டினால் போதும், ஊரைக் கூட்டிவிடுவாள். அழாத நேரத்தில் 'த்தா த்தா' என்றும் 'ப்பூ' என்றும் எதையாவது கத்திக்கொண்டிருப்பாள். "தொண்டையா இது, மில்லுச் சங்கா?" என்று அஞ்சலையிடமே கேட்டிருக்கிறேன். "என்னங்க டீச்சரம்மா பண்றது, அவ அப்பன் தொண்டை" என்று சிரிப்பாள்.

அந்த அப்பன் மாரிமுத்துதான் எங்கள் ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். ஆட்சி மாறிக் கொஞ்ச வருஷமே ஆகியிருந்த சமயம். சுவரெல்லாம் கட்சிக் கொடி, டீக்கடையெல்லாம் மேடைப் பேச்சு. ஆனால் வயலில் அறுப்புக்கு அரைப்படி நெல் கூட்டிக் கேட்டால் மிராசுதார் வீட்டுக் கதவு திறக்கவில்லை. அந்தத் தை மாதம், சம்பாக் கதிர் முற்றி நின்றபோது, எங்கள் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். பெண்கள் போய் வரப்பில் உட்கார்ந்து மறித்தார்கள். அன்று காலையும் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

பதினோரு மணி இருக்கும். நான் கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தேன். தெருக் கோடியில் கம்பு கதவில் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் பானைகள் உடையும் சத்தம். ஒரு வீடு, அடுத்த வீடு என்று அந்தச் சத்தம் எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு உடம்பு விறைத்துப்போயிற்று. ஞானம்மாள்தான் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தூளியில் கிடந்தவர்களை அப்படியே அள்ளி, தவழ்ந்தவர்களை இழுத்து, ஒன்பது பேரையும் மூட்டை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினோம்.

மிராசுதாரின் ஆட்கள் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். "மாரிமுத்து பொண்டாட்டி புள்ள எந்த வீட்டுலடா?" என்று ஒருவன் கேட்டது தெளிவாக என் காதில் விழுந்தது. மாரிமுத்துவின் பிள்ளை என் மடியில் இருந்தாள். இருட்டு பிடிக்காமல் முகத்தைச் சுளித்து, உதடு பிதுக்கி, மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு எதற்கு என்று எனக்குத் தெரியாதா? நான் என் வலது கையால் அவள் வாயைப் பொத்தினேன். "ஆண்டவரே, இவள் வாயை அடைத்துப்போடும்" என்று ஜெபித்தேன். வேறு வார்த்தை வரவில்லை. இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மற்ற எட்டுப் பிள்ளைகளும் சத்தம் போடவில்லை. ஒருவன் விரல் சூப்பினான், ஒருத்தி மூட்டை மேல் சாய்ந்து தூங்கியே போனாள். அது கர்த்தர் செய்தது, வேறென்ன சொல்ல? வெளியே நின்று கதவை ஆட்டிப் பார்த்தார்கள். "கோயில் கட்டடம்டா, ஆள் இல்ல, வாங்கடா" என்று இன்னொருவன் சொன்னான். கம்புச் சத்தம் மெல்ல மெல்லத் தூரம் போயிற்று.

நான் கையை எடுத்தேன். பவுனுவின் உதடு நீலம் பாரித்திருந்தது. பிறகு மூச்சு வந்தது, நிறமும் வந்தது. கண் திறந்தே இருந்தது, என்னையே பார்த்தது. ஆனால் அழவில்லை.

அன்று சாயங்காலம் அஞ்சலை வந்து தூக்கிக்கொண்டபோதும் அழவில்லை. மாரிமுத்துவைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய்விட்டது என்று சொல்லி அஞ்சலை அழுதாள், பிள்ளை அழவில்லை. மறுநாள் அம்மா வாசல் தாண்டியபோது தலையைக்கூடத் திருப்பவில்லை. 'த்தா' இல்லை, 'ப்பூ' இல்லை. உட்கார வைத்தால் உட்கார்ந்திருந்தாள், படுக்க வைத்தால் படுத்திருந்தாள். பசித்தால்கூடச் சிணுங்கவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. "சமத்தாயிட்டாளே!" என்றாள் பார்க்க வந்த ஒரு அம்மாள்.

எத்தனை பயம் சேர்ந்து என்னைப் பிடித்திருந்தது தெரியுமா? அந்த ஆட்கள் திரும்பி வருவார்கள் என்ற பயம். பட்டப்பகலிலும் தாழ்ப்பாள் போட்டு வைத்தேன். பிள்ளைக்கு மூளையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயம். நான் செய்ததை அஞ்சலை கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம். எல்லாவற்றையும் விடப் பெரியது, நான் கேட்டதைத்தான் ஆண்டவர் கொடுத்துவிட்டாரோ என்ற பயம். வாயை அடைத்துப்போடும் என்றேன், அடைத்துவிட்டார். இனி எந்த முகத்தோடு போய்த் திறந்துவிடும் என்று கேட்பேன்?

ஆனாலும் கேட்டேன். பால் பவுடர் மூட்டைகளுக்கு நடுவில் அதே இடத்தில் முழங்கால் போட்டுக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

தஞ்சாவூருக்கு பஸ் ஏறி மிஷன் ஆஸ்பத்திரிக்கும் அஞ்சலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார்கள், காதருகே மணி அடித்துப் பார்த்தார்கள். "உறுப்பில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது பார்த்துப் பயந்ததா?" என்று கேட்டார்கள். அஞ்சலை என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். கூசாமல் சொன்னேன். "முகத்துக்கு நேராகப் பேசுங்கள், விளையாட்டுக் காட்டுங்கள். குழந்தை மனுஷ முகத்தைப் பார்த்துத்தான் எல்லாம் கற்றுக்கொள்ளும். மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள்" என்று அனுப்பினார்கள்.

அப்படியே செய்தேன். தினம் எண்ணெய் தேய்த்துக் கைகால் நீவிவிட்டேன். மடியில் வைத்துப் பேசினேன். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, சோறு ஊட்டி, இரண்டு விரலால் நண்டு ஊர்வது போலக் கையேறி அக்குள் வரை போவேன். எங்கள் கூடத்தில் அந்த விளையாட்டுக்குச் சிரிக்காத பிள்ளை கிடையாது. விரல் முழங்கையைத் தொடுவதற்குள்ளேயே கெக்கலித்துவிடும். பவுனுவிடம் என் நண்டு அக்குள் வரை போய்ச் சும்மா திரும்பி வரும்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்கள் தொடங்கின. திருவிருந்து ஞாயிறன்று அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள், நான் இடத்தைவிட்டு அசையவில்லை. வயிறு சரியில்லை என்று ஞானம்மாளிடம் சொன்னேன். இன்னொரு பொய். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. நான் இந்தப் பொய்யை மடியில் கட்டிக்கொண்டு எத்தனை நாள் முழங்கால் போட்டாலும் என் ஜெபம் கூரையைத் தாண்டாது.

மறுநாள் சாயங்காலம் அஞ்சலை வந்து, கூடத்துச் சுவரில் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். போய் எதிரே உட்கார்ந்தேன்.

"அஞ்சலை, அன்னிக்கு அந்த ஆளுங்க வந்தப்ப நான் பவுனு வாயைப் பொத்திட்டேன். அழுத்திப் பொத்திட்டேன். அதுலேருந்துதான் பிள்ளை இப்படி இருக்கு."

அவள் நிமிரவில்லை. "தெரியுங்க டீச்சரம்மா."

"தெரியுமா?"

"கன்னத்துல நாலு விரலும் பதிஞ்சிருந்துச்சே. எம் புள்ள கன்னம் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டி தினமும் கொண்டாந்து எங்கிட்டயே விட்டே?"

"வேற யாருகிட்ட விடச் சொல்றீங்க? அன்னிக்கு அவ கத்தியிருந்தா இன்னிக்கு எனக்குப் புள்ள ஏது? நீங்களா சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்." பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள். "நீங்க இவளுக்கு நண்டு ஊருறது காட்டுறீங்க, கண்ணு மட்டும் கதவுலயே இருக்கு. இவ மூஞ்சிய நீங்க பாக்குறதே இல்லீங்க டீச்சரம்மா. நீங்க பயந்துக்கிட்டே விளையாட்டுக் காட்டுனா, புள்ளைக்கு என்ன தெரியும்? பயந்தானே தெரியும்."

எழுதப் படிக்கத் தெரியாத அஞ்சலை சொன்னாள் இதை. டாக்டரம்மா முகத்துக்கு நேராக என்று சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. என் பயத்தைத்தான் நான் இரண்டு மாதமாக எண்ணெயோடு சேர்த்து அந்தப் பிள்ளைக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நான் அழுதேன். அஞ்சலை என்னை 'உஸ்' என்று அடக்கவில்லை, அழவிட்டாள். பிறகு இருவருமாக ஜெபித்தோம். அவள் எங்கள் சபையாள் இல்லை, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

மறுநாள் காலை நான் தாழ்ப்பாளை எடுத்தேன். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முதுகெல்லாம் கூசியது. தெருவில் சைக்கிள் போனாலும் பிடரி சிலிர்த்தது. ஆனாலும் கண்ணைப் பவுனுவின் முகத்தை விட்டு எடுக்கவில்லை. அவள் வேறு பக்கம் பார்த்தாள். நான் காத்திருந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, என் மூக்குத்தியைத் தொடக் கை நீட்டினாள். நீட்டிய கையைப் பிடித்து நண்டு விட்டேன். சிரிக்கவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள். பங்குனி வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. உளுந்து பறிக்கப் போகும் அவசரத்தில் அஞ்சலை வந்தாள். வழக்கமாகப் பிள்ளை பாராத நேரத்தில் நழுவிவிடுவாள். அன்று பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அம்மா போயிட்டு சாயங்காலம் வரேன்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். வாசலைத் தாண்டினாள்.

பவுனு என் மடியில் விறைத்தாள். உதடு பிதுங்கியது. மூச்சை இழுத்தாள். அதே மூச்சு. என் வலது கை தானாக எழுந்தது. ஆம், சகோதரிகளே, அன்றைக்கும் எழுந்தது. அதை இடது கையால் பிடித்து என் முந்தானைக்குள் அழுத்திக்கொண்டேன்.

அழுதாள். கூடத்து ஓடு அதிரும்படி, அம்மா போன வாசலை நோக்கி இரண்டு கையையும் நீட்டி, "ம்மா" என்று அழுதாள். தூளிகளில் தூங்கிய பிள்ளைகள் விழித்து, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுப்படியிலிருந்து ஞானம்மாள் கரண்டியோடு ஓடிவந்து நின்றாள். தெருவில் அஞ்சலை திரும்பி, உளுந்துக் கூடையைத் தரையில் போட்டுவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். "அழட்டும், அழட்டும்" என்று நான் கத்தினேன். எனக்கு அதற்கு மேல் வார்த்தை இல்லை.

பவுனு இப்போது இரண்டாம் வகுப்பு. வகுப்பில் பேசுகிறாள் என்று வாரம் ஒரு புகார் வருகிறது. மாரிமுத்து விடுதலையாகி வந்துவிட்டார். தொண்டையில் இரண்டு பேருக்கும் இப்போது போட்டி.

என் காப்பகத்தில் அமைதி போய்விட்டது. காலையில் ஒன்பது தாய்மார்கள் போகும்போது ஒன்பது அழுகை. மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு, தீரும்வரை அழவிடுகிறேன். பயம் எனக்கு முழுக்கப் போய்விடவில்லை. கம்புச் சத்தம் போல எதுவும் கேட்டால் இன்றும் உள்ளங்கை வியர்க்கும். வியர்த்த கையோடு கதவைத் திறந்து வைக்கிறேன்.

உங்களில் யாராவது பயத்தில் ஏதோ செய்துவிட்டு, அதைச் சொல்ல வாய் வராமல் ஆண்டவருக்கு முன்னால் இருக்கிறீர்களானால், முதலில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். பிறகு அவரிடம் கேளுங்கள். நான் வாய் மூடக் கேட்டதை அவர் மன்னித்தார், வாய் திறக்கக் கேட்டதைக் கொடுத்தார். உங்களுக்கும் கொடுப்பார்.

வருகிற ஞாயிறு ஆராதனையில் யார் பிள்ளையாவது அழுதால், எழுந்து வெளியே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.