மொட்டை மெயில்

பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு ஜெர்மன் எழுதுவது என் பிழைப்பு. நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகிறேன் என்று திருச்சியில் மொழி படித்துவிட்டு, போகாமல் நின்றவள் நான். "படிச்சதெல்லாம் தண்டம்" என்று மாமியார் ஆரம்பிக்கும்போது காட்டுவதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் இந்த வேலைதான். இதுவும் போனால் அந்த வீட்டில் நான் வாயே திறக்க முடியாது.

வேலை ஒரு அகராதிக்கு. ஒரு பத்தியில் நான் ஜெர்மன் எழுதுவேன். அடுத்த பத்தியில் யாரோ ஒருவர் ஹங்கேரியன் எழுதுவார். எழுதிய வார்த்தைக்கு என்ன பொருள் என்று அவரவர் இங்கிலீஷில் விளக்கம் கொடுக்க வேண்டும். அதை மற்றவர் படித்துவிட்டுப் பச்சையோ சிவப்போ போட வேண்டும். யார் பெயரும் யாருக்கும் தெரியாது. மூன்று சிவப்பு விழுந்தால் ஆளை மாற்றிவிடுவார்கள்.

போன மாதம் வந்ததெல்லாம் வாடுவதும் வதங்குவதும், அப்புறம் ஏளனமும் இளக்காரமும். வாடிப்போவதைச் சொல்லும் 'வில்ட்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு 'ஃபெர்டோரன்' என்று எழுதினேன். சிவப்பு விழுந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: "இது காய்ந்து செத்தே போன செடி. இங்கிலீஷ் செடிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. பருத்தி உச்சிவெயிலில் தொங்கும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும்."

பருத்தியா! ஹங்கேரியில் எவன் பருத்தி போடுகிறான்? இது நம்ம கரிசல்காட்டு ஆள். நம்ம பக்கம் ஹங்கேரியன் தெரிந்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். திருச்சி வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். கல்யாணமாகிப் புருஷனோடு ஹங்கேரி போனாள், அவனுக்கு அங்கே ஃபேக்டரி வேலை போனதும் விக்கிரமங்கலத்துக்கே திரும்பிவிட்டாள். வகுப்பில் அவள் வாயைத் திறந்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அவள் ஜெர்மன் பேசுவதை அப்படியே பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பேன். ஒரு நாள் அழுதுகொண்டே எழுந்து போனாள். இப்போது வஞ்சம் தீர்க்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அடுத்த வார்த்தைக்கும் சிவப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சம் இருந்தது 'ஸ்கார்ன்'. 'ஃபெராஹ்டுங்' என்று எழுதி, எதிரில் நிற்பவரை மனுஷராகவே மதிக்காத ஏளனம் என்று விளக்கமும் கொடுத்தேன். இதற்கும் சிவப்புப் போடாமல் விடுவாளா அவள்? நான் முந்திக்கொண்டேன். புது ஐடி ஒன்று திறந்து, ஆபீஸுக்கு ஒரு மொட்டை மெயில் தட்டிவிட்டேன். ஹங்கேரியன் எழுதுகிற ஆளுக்கு அந்த மொழியே தெரியாது, எல்லாம் போனில் பார்த்து எழுதுவது, நேரில் பார்த்தே சொல்கிறேன் என்று.

மறுநாள் காலையில் திறந்தால், பச்சை! குறிப்பும் இருந்தது: "இதைவிடச் சரியாக எழுத முடியாது. பட்டவர்களுக்குத்தான் இப்படி எழுத வரும்."

நிம்மதி வரவில்லை, சந்தேகம்தான் கூடியது. நான் என்று தெரிந்தே குத்துகிறாளா, தெரியாமல் புகழ்கிறாளா? அரியலூர் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் விக்கிரமங்கலம் போய் இறங்கினேன்.

"அடியே, நீயா! வாடி, வா. வூடு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். கண்கள் வீங்கியிருந்தன. என்னடி ஆச்சு என்று கேட்டேன்.

"இப்பதான் வேலையை நிறுத்திட்டாங்க. வூட்ல இருந்தே டிக்‌ஷனரிக்கு எழுதிக்கிட்டு இருந்தேன். எவரோ மொட்டை மெயில் போட்டிருக்காங்க, எனக்கு ஹங்கேரியனே தெரியாதுன்னு. எங்க வூட்டுக்காரரும் வேலையில்லாம சும்மா உக்காந்திருக்காரு, இத வச்சுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எனக்குப் பரீட்சை வச்சுப் பாருங்க சார்னு கெஞ்சிட்டேன். பதிலே இல்லடி."

எழுந்து போயிருக்கலாம், உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கோ, அவளுக்கு யார்மேல் சந்தேகம் என்று தெரிந்தாக வேண்டும்.

"கூட ஜெர்மன் எழுதுறவங்க யாராச்சும் போட்டிருப்பாங்களோ?"

"சேச்சே, அவங்க நல்லா எழுதுறவங்கடி. இன்னிக்குக் காலைல கூட நான் பச்சை போட்டு..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். என் கையை விட்டாள்.

"ஜெர்மனும் இருக்குன்னு உங்கிட்ட நான் சொல்லவே இல்லையேடி."