துவக்குக் குழலுக்கு மரை வெட்டிய கதை

எனக்கு மரை வெட்ட வரும். இதை அடக்கமாகச் சொல்லவேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. உருக்குத் தண்டை லேத்தில் பூட்டி, அது சுழலச் சுழலத் திருகாணியில் இருப்பதுபோலச் சுருளாக மரை இறக்கும் வேலையில் ரொறன்ரோவில் எனக்கு நிகர் யாரும் இல்லை என்று தொண்ணூறுகளில் நம்பினேன். அதை மாற்றி நினைக்க இதுவரை காரணம் கிடைக்கவில்லை.

வந்த புதிதில் தண்ணீர்க் குழாய்களுக்கு இணைப்பு செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். அதை மூடிவிட்டார்கள். ரெக்ஸ்டேலில் துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்தும் கடை ஒன்றுக்கு லேத் வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி நியூபவுண்ட்லாந்துக்காரர், என் வயதுதான். ஒரு துண்டு உருக்கைத் தந்து மரை வெட்டச் சொன்னார். வெட்டிக் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை வா" என்றார்.

சிக்கல் வீட்டில்தான். நாங்கள் அப்போது மல்வேர்னில் இருந்தோம். நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பஸ் மாறி மாறிப் போகவேண்டும் என்பதை மனைவி பெரிதாக எடுக்கவில்லை. வேலை என்ன என்றதும்தான் அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"துவக்குக் கடையிலையோ? உலகத்திலை வேறை கடையே இல்லையோ?"

"நான் சுடப் போகேல்லை. மான் வேட்டைக்காரற்றை துவக்கைத் திருத்தப் போறன்."

"திருத்தினால்தானே சுடும்?"

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன். ஊரில் யுத்தம் நடந்தபோது துவக்கோடு வந்தவர்கள் அவரை வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்தத் துவக்குக்காரர் என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்தில் அப்போது எல்லாத் திசையிலும் துவக்கு இருந்தது. அவர் திரும்பி வரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு முகம் இறுகிவிடும். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் வேலையை விட மனம் வரவில்லை. கடைசியில் அவளே ஒரு சட்டம் போட்டாள். அந்தக் கடையிலிருந்து ஒரு தூசும் வீட்டுக்குள் வரக்கூடாது. நான் ஒவ்வொரு நாளும் லிஃப்டுக்கு வெளியே நின்று சட்டையை உதறிவிட்டு வருவேன். அயலவர்கள் எனக்கு ஏதோ தோல் வியாதி என்று நினைத்திருக்கக்கூடும்.

அந்த வருடம் இலை நிறம் மாறும் நேரம் ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். தோளில் சத்திர சிகிச்சை செய்து ஆணி வைத்திருந்தார்கள். துவக்கின் உதையை அந்தத் தோள் தாங்காது. அதனால் குழலின் வாயில் பிரேக் ஒன்று பூட்டவேண்டும் என்றார். அது சிறிய உருக்குத் துண்டு, பக்கங்களில் ஓட்டைகள் இருக்கும். வெடிக்கும்போது புகை அந்த ஓட்டைகளால் பாயும். தோளில் விழும் உதை பாதியாகக் குறையும். சத்தத்தை அடக்கும் சாமான் என்று நினைத்துவிடவேண்டாம், அது இந்த நாட்டில் சட்டத்துக்குப் புறம்பு. இது அதற்கு நேரெதிர், காதைப் பிளக்கும். இதைத் திருகிப் பூட்டுவதற்குக் குழலின் வாயில் மரை வேண்டும்.

"எனக்கு அண்ணன்மார் மூன்று பேர்," என்றார் அவர். "ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். நவம்பரில் வேட்டைக்குப் போகும் அந்தக் கிழமை மட்டும்தான் நாலு பேரும் ஒன்றாக இருப்போம். இந்தமுறை என்னை வரவேண்டாம் என்கிறார்கள். மூத்தவருக்கு இதயம் சரியில்லை. அடுத்த வருடம் யார் இருப்போம் என்று தெரியாது."

வேறு துவக்கு எடுத்துக்கொண்டு போகலாமே என்று முதலாளி கேட்டார். அந்தப் பெண்மணி இடதுகைக்காரர், துவக்கும் இடதுகைக்காரருக்கென்று செய்தது. அப்படி இன்னொன்று லேசில் அகப்படாது. குழலும் ஏற்கெனவே கட்டையானது. மரை பிழைத்தால் நுனியை வெட்டிவிட்டு மறுபடி தொடங்க அதில் இடமில்லை. முதலாளி குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"செய்வாயா?"

"செய்வேன்," என்றேன். யோசித்துச் சொன்ன மாதிரி ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கலாம்.

இதற்கிடையில் நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் சரசுவதி பூசைக்குப் பிள்ளைகளின் புத்தகமும் என் தொழிற்சாமானும் சாமிக்கு முன்னால் இருக்கும். மறுநாள் காலையில்தான் எடுத்து வேலையைத் தொடங்குவோம். இந்தமுறை வெறுமனே நிற்கவேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். மனைவியே தன் சட்டத்தைத் தளர்த்தினாள்.

"சரசுவதிக்கு முன்னாலை வெறுங்கையோடை நிக்கிறதோ? உங்கடை அளக்கிற சாமானைக் கொண்டு வாங்கோ. துவக்குச் சாமான் ஒண்டும் வேண்டாம்."

லேத் கடைக்காரருடையது, அளவு சாமான்கள் என்னுடையவை. அவற்றில் புதிதாக இருந்த மரை வளையத்தைக் கொண்டு போனேன். வெட்டிய மரையில் அந்த வளையத்தைத் திருகிப் பார்ப்போம். சீராக ஏறினால் வேலை முடிந்தது. ஏறாவிட்டால் இன்னும் வெட்டவேண்டும்.

"உது என்ன?" என்றாள்.

"மரை சரியோ எண்டு பாக்கிறது."

"துவக்குக்கே?"

"எல்லாத்துக்கும்தான்," என்றேன். அது பொய்யல்ல.

அவள் அந்த வளையத்தைக் குளிப்பாட்டாத குறை. சந்தனத்தைக் குழைத்து அள்ளிப் பூசி, குங்குமம் வைத்து, நடுத் துவாரத்தில் ஒரு பூவும் செருகினாள். மறுநாள் காலை அவலும் கடலையும் சாப்பிட்டுவிட்டு, வளையத்தைத் துணியால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றைக்குத்தான் அந்தக் குழல். பிரேக் தபாலில் வந்துகொண்டிருந்தது. அது வந்ததும் பூட்டிப் பார்த்துத் துவக்கைக் கொடுத்துவிடவேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குழலை லேத்தில் நேராகப் பூட்டினேன். மெல்ல மெல்ல வெட்டினேன். லேத்தின் அளவுத் தட்டு போதும் என்ற இடத்தில் நிறுத்தி, விரலால் தடவினேன். அருமையான மரை. வளையத்தை எடுத்துத் திருகினேன். ஒரு சுற்று ஏறியது. பிறகு இறுகி நின்றுவிட்டது.

முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏறவில்லையா? இன்னும் ஒரு மயிரிழை எடு."

"எடுக்கமாட்டேன்."

"வளையம் பொய் சொல்லாது."

"என் கையும் சொல்லாது."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் சொன்னதுதான் தொழில் முறை. வளையம் ஏறாவிட்டால் வெட்டவேண்டும். ஆனால் ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டினால் மரை தளர்ந்துவிடும், பிரேக் சரிந்து நிற்கும், குண்டு அதில் முட்டும். வெட்டியதை யாரும் ஒட்டவைக்க முடியாது. அந்தப் பெண்மணியின் நவம்பர் அத்தோடு போய்விடும். பதறாத காரியம் சிதறாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு லேத்தை நிறுத்தினேன். வளையத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்.

உள்ளே, மரையின் அடிப் பள்ளத்தில், மெல்லிய மஞ்சள் கோடு. மோந்து பார்த்தேன். சந்தனம். துணி தொடாத ஆழத்தில் போய்க் காய்ந்து உருக்கோடு உருக்காக ஒட்டியிருந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"அது என்ன?" என்றார் முதலாளி.

"சந்தனம். என் மனைவி பூசினாள். கடவுளுக்கு முன்னால் வைத்திருந்தோம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கடவுள் அளந்து பார்த்தாரா?"

"பார்த்திருப்பார். அவருக்கும் ஏறியிருக்காது."

பழைய பல்தூரிகையில் எண்ணெய் தொட்டு வளையத்தைத் தேய்த்துக் கழுவினேன். மறுபடி குழலில் திருகினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போய் அடியில் உட்கார்ந்தது. இரண்டு நாளில் பிரேக் வந்தது. அதுவும் அப்படியே உட்கார்ந்தது. அந்தப் பெண்மணி துவக்கைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மனைவியிடம் சந்தனக் கதையைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. சொன்னால் வளையம் துவக்குக்கு என்பதும் வெளியே வரும். வந்தது. அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"பிழை வளையத்திலை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ரை மரை பிழைக்காது."

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "அந்த மனிசிக்கு எத்தினை அண்ணைமார்?" என்றாள்.

"மூண்டு பேர்."

"மூண்டு பேரும் உயிரோடை இருக்கினமோ?"

"ஓம்."

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை.

பனி விழத் தொடங்கியபின் அந்தப் பெண்மணி கடைக்கு வந்து, வேட்டைக்குப் போய்வந்ததாகச் சொன்னார். மூத்தவரின் குறட்டையில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லையாம். மான் ஒன்றும் அகப்படவில்லையாம். அதை இவ்வளவு மகிழ்ச்சியாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் வந்து சொன்னேன். "மானுக்கும் நல்லது," என்றாள் மனைவி.

அடுத்த வருடச் சரசுவதி பூசைக்கு நான் வெறும் கையோடு வந்தேன். அவள் சாமித் தட்டையும் என் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த வளையம் எங்கை?"

கடையில் விட்டுவிட்டேன் என்றேன். போய் எடுத்துவரச் சொன்னாள். நகரத்தைக் குறுக்கே வெட்டிப் போய் எடுத்துவந்தேன். அவள் அதை வாங்கி, ஒரு துண்டுத் துணியைச் சுருட்டி நடுத் துவாரத்தை அடைத்தாள். பிறகு சின்னவிரல் நுனியால் சந்தனம் தொட்டு, வெளி விளிம்பில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள்.

"உள்ளுக்கை படக்கூடாது," என்றாள். "அந்த மனிசி அண்ணைமாரோடை போகவேணும்."