பட்டி பூசிய கதவு

துரு சத்தம் போடாது. அப்பாவின் அம்பாசடரை அது உள்ளிருந்தே தின்றிருந்தது. கதவுகளின் அடிவிளிம்பில் விரல் வைத்தால் செம்மண்ணாய் உதிர்ந்தது. அப்பா போன பிறகு அதை நான் எடுத்ததே இல்லை. அக்கா மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் என்று நானாக வாயை விட்டிருந்தேன். ஆறு நாள்தான் இருந்தது.

பழனிசெட்டிபட்டியில் கார்த் தகரம் தட்டிச் சீர்செய்யும் ஒரு டிங்கர். சொந்தமாக ஷெட் போட்டு இரண்டு வருடம்கூட ஆகாதவர். குனிந்து, கதவின் அடியில் திருப்புளியால் குத்தினார். அது கைப்பிடி வரை உள்ளே போனது.

"வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வச்சு வெல்டு அடிக்கணும்ணே. இருபது நாளாகும்."

"அவ்வளவு நாளெல்லாம் இல்லங்க. பட்டி பூசிப் பெயிண்ட் அடிச்சிருங்க."

"தகடே இல்லாத எடத்துல பட்டி எதைப் பிடிச்சு நிக்கும்? உதிந்தா எம் பேருல்ல கெடும்?"

"நான் பாத்துக்கிறேன்."

"சொல்லிப்புட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

ஓட்டைகளில் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்தார். மேலே கம்பி வலை. அதற்கு மேல் பட்டிப் பசை, காய்ந்ததும் தேய்ப்பு, மறுபடி பட்டி, வெள்ளைப் பெயிண்ட். ஆறாம் நாள் கார் குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது. அந்த மினுமினுப்பில் என் முகம் தெரிந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

கம்பத்தில் கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கியதும் பெண்ணின் தாய்மாமா கதவை அறைந்து சாத்தினார். கதவின் அடிப்பாகம் அப்படியே பெயர்ந்து தரையில் விழுந்தது. உள்ளிருந்து பேப்பர் எட்டிப் பார்த்தது.

"ஏலே, மாப்ள வீட்டுக்காரக கதவுக்குள்ள பேப்பர் போட்டு வச்சிருக்காகடா!"

"இன்னைக்குப் பேப்பரா, நேத்துப் பேப்பரான்னு பாருலே!"

நாயனக்காரர் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டுச் சிரித்தார். யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். தாய்மாமா மட்டும் சிரிக்கவில்லை. ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போக நான்கு ஜீப் வைத்திருப்பவர், அவருக்குத் தகரம் தெரியும்.

"யாருட்ட வேலைக்கு விட்டீக?"

அந்த ஒரு நொடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் எனக்கு ஒளிய இடமில்லை.

"பழனிசெட்டிபட்டியில ஒருத்தன். புதுத் தகடு வைக்கத்தான் சொன்னேன். ஏமாத்திட்டான்."

ஷெட்டில் நின்ற ஆறு நாளும் அவரை வாங்க, போங்க என்றுதான் பேசியிருந்தேன்.

"பாலத்துக்கிட்ட புதுசா ஷெட் போட்டிருக்கானே, அவனா? அவன்ட்டதான் நாலு ஜீப்பையும் விடுறதா இருந்தேன். நல்லவேளை, சொன்னீக."

மறுவாரம் காரை ஷெட்டுக்கே கொண்டுபோனேன். உதிர்ந்த கதவைப் பார்த்தார். சொன்னேனே என்று சொல்லவில்லை.

"இந்தவாட்டி நிதானமா வெட்டி வைப்போம்ணே. கையில வேற வேலை இல்ல. கம்பத்துல இருந்து நாலு ஜீப்பு வர வேண்டியது, வரல. போனும் எடுக்க மாட்டேங்குறாக. அதை நம்பித்தான் இந்த வருசம் ஷெட்டையே வச்சிருந்தேன்." தயங்கினார். "அவுக உங்களுக்குச் சம்பந்தக்காரகதான? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீகளா?"

அங்கேயே அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டு, காரை ஷெட்டில் போட்டுவிட்டுப் பஸ் ஏறி, கம்பத்துக்குப் போய், தாய்மாமாவிடம் சொன்னேன்: பட்டி பூசச் சொன்னது நான். டிங்கர் வேண்டாமென்றார். அன்று நான் சொன்னது பொய்.

தாய்மாமா என் தோளில் கை வைத்தார். "அவன் வந்து அழுதானாக்கும்? பொழப்பு போகுதேன்னு பழிய நீங்க சுமக்கிறீக. பெரிய மனசு சார் உங்களுக்கு."

"இல்ல, நெசமாத்தான் சொல்றேன்."

"அட விடுங்க. இங்கனயே வேற ஆளு பாத்தாச்சு. காபி சாப்பிடுங்க."

இன்னொரு தடவை சொல்லவில்லை. காபியைக் குடித்தேன். இனிப்பாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கையில் டிங்கரிடமிருந்து போன். பின்னால் தகரம் அறுபடும் சத்தம்.

"என்னண்ணே சொன்னாக?"

"வேற ஆள் பாத்துட்டாங்களாம்."

சத்தம் நின்றது. "சரிண்ணே. எனக்காக அம்புட்டுத் தூரம் போனீகளே, அதுவே பெருசு."

ஊருக்குத் திரும்ப வேண்டிய தேனி பஸ் வந்தது. ஏறாமல் நின்றேன்.