பூட்டு கேட்டு ஒரு மேல்முறையீடு

கள்ளக்குறிச்சியில் உள்ள என் தையல் கூடத்தைச் சோதிக்க வந்த தீயணைப்புக்காரர் பின்கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள், ஓர் ஆமைப்பூட்டு.

பூட்டை எடுக்காவிட்டால் சீல் வைப்போம் என்று நோட்டீஸ் வந்தது. ஆத்திரத்தில் நாலாகக் கிழித்தேன். மேல்முறையீட்டுக்கு அந்த நோட்டீஸையே இணைக்க வேண்டும் என்றார்கள். உட்கார்ந்து ஒட்டினேன்.

அந்தக் கதவு வழியாகத்தான் என் புருஷன் வந்தான், நான் பிரிந்து வந்த மூன்றாம் மாதம். துணி அளக்கும் இரும்புக் கஜக்கோலால் என் முழங்கையை உடைத்தான். அயர்ன் பாக்ஸ் ஒயரைக் கழுத்தில் சுற்றி இறுக்கினான். கரியாலூரிலிருந்து வேலைக்கு வரும் நாலு பெண்களும் ஒரு தையல் மெஷினைத் தூக்கி அவன்மேல் தள்ளினார்கள். காலில் ரத்தம் ஒழுக ஓடினான். மறுநாளே பூட்டு வாங்கினேன்.

மனு எழுதியவர் இத்தனையையும் ‘சொந்தப் பாதுகாப்புக் காரணங்கள்’ என்று முடித்துவிட்டார். விசாரணையில் மேலதிகாரி அம்மா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னாம்மா இது? நெருப்பு புடிச்சா அந்தப் பொண்ணுங்க எப்டி வெளிய வரும்?”

“நெருப்பு வர்லீங்க. அவன்தாங்க வந்தான்!” கத்தியபடி, நீட்ட முடியாத கையை மேசைமேல் ஓங்கி வைத்தேன். வலி உச்சந்தலைக்கு ஏறியது.

அவர் என் கையையே பார்த்தார். “உள்ளார இருந்து தள்னா தொறந்துக்கும், வெளிய இருந்து எவனாலயும் தொறக்க முடியாது. அந்த மாரி கம்பி இருக்குது, அத்த போடுங்க. பூட்டு மட்டும் கூடாது.”

மனு தள்ளுபடி. நெருப்பு மட்டும்தான் ஆளைக் கொல்லுமா என்று வழியெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடை போய்விடுமே என்றுதான் பூட்டையும் தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டு அந்தக் கம்பியைப் போட்டேன்.

அடுத்த மாதம் பட்டப்பகலில், முன்வாசல் வழியாகக் கொடுவாளோடு அவன் வந்தான். முதல் வெட்டு கட்டிங் மேசையில் இறங்கி மாட்டிக்கொண்டது. அவன் அதைப் பிடுங்குவதற்குள் நாங்கள் ஐந்து பேரும் பின்கதவில் போய் மோதினோம். திறந்துகொண்டது. கத்திக்கொண்டே பின்பக்கச் சந்து வழியாக ஓடினோம். தெருவே திரண்டு வந்து அவனைப் பிடித்து மிதித்தது. போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெண்களை ஒவ்வொருத்தியாகத் தொட்டுப் பார்த்தேன். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. அந்த மேல்முறையீட்டில் நான் ஜெயித்திருந்தால் ஐந்து பேரும் பிணம்.